விதைக்கு விட்டது

புரட்டாசி மூன்றாவது சனி.
படையலுக்கு இலை அறுக்கப் போனவள்
வாழையைத் தொடுமுன்
சரிவில் விழுந்தேன்.

சாட்ஸ்வர்த் சிவப்பு மண்
மழை பட்டால் சவுக்காரம்.
நாற்பது வருடமாக எனக்குத் தெரியும்.
கால்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

கத்தி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம்,
கத்தரிப் பாத்திக்கும் சேம்புக்கும் இடையே நான்.
எலும்பு முறியவில்லை என்று
விழுந்த நொடியே தெரிந்துவிட்டது.
எழ முடியாது என்பதும்.

முப்பத்தோரு வருடம் இரவு வார்டில்
இரண்டு மணிக்கொரு தடவை
படுத்த படுக்கையானவர்களைப் புரட்டிப் போட்டவள்.
"சிஸ்டர் படையாச்சி, மெதுவா" என்பார்கள்.
என்னைப் புரட்டிக்கொள்ள மட்டும்
எனக்குக் கை வரவில்லை.

பக்கத்தில் தாண்டேகா வீட்டில்
சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
அது நிற்கும்வரை கூப்பிட்டுப் பயனில்லை.
சரி, படு
என்றேன் எனக்கே.

இத்தனை காலம் நின்றே பார்த்த தோட்டம்:
தண்ணீர் ஊற்றுகிறவளின் உயரத்திலிருந்து,
பறிக்கிறவளின் அவசரத்திலிருந்து.
படுத்துப் பார்த்தால்
இலைகளுக்கெல்லாம் இன்னொரு முகம்.
வெளிறி, நரம்பு புடைத்து,
யாருடைய முட்டைகளையோ பத்திரமாக ஒட்டிவைத்து,
என் புறங்கையை எனக்கே காட்டியதுபோல.

ஹடேடா ஒன்று என்னைச் சுற்றி நடந்தது.
அலகை மண்ணில் இறக்கிப் புழு எடுத்தது.
நான் மனுஷியா மேடா என்ற சந்தேகம்கூட
அதற்கு வரவில்லை.
யாரும் கண்டுகொள்ளாதது
அன்றைக்குத்தான் முதல் தடவையாக
சௌகரியமாயிருந்தது.

அப்போது கண்டேன், அந்தக் காயை.
போன கோடையின் கத்தரிச்செடி;
அடித்தண்டை ஒட்டி, இலை மறைவில்,
ஊதா எல்லாம் போய் மஞ்சளாகி,
தோல் சுருங்கி.
எத்தனை வாரம் குனிந்திருப்பேன் இந்தச் செடியிடம்!
குரங்குக்கும் தப்பி, எனக்கும் தப்பி.
குழம்புக்கு ஆகாது.
விரலால் அழுத்தினேன்.
உள்ளே நெருக்கமாக விதை.

என்னோடு பயிற்சி முடித்தவர்கள் பதினொரு பேர்.
இப்போது நானும்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பாக்கியமும்.
ஒவ்வொரு சாவு வீட்டிலிருந்து திரும்பும்போதும்
பெருமாளிடம் ஒரே கேள்வி:
என்னை விட்டு வைத்திருக்கிறாயா,
மறந்துவிட்டாயா?

விதைக்கென்று விடும் காய்க்கு
அடையாளமாய்ச் சிவப்புத் துணி கட்டுவேன்.
இதற்குக் கட்டவில்லை.
இது என் மறதி, வேறொன்றுமில்லை.
ஆனால் காய்க்கு அந்த வித்தியாசம்
தெரிந்ததாகத் தெரியவில்லை.
விட்டதென்றாலும் மறந்ததென்றாலும்
அது தன் பாட்டுக்கு முற்றியிருக்கிறது.

பதில் வந்தது என்று சொல்லமாட்டேன்.
கேள்விக்குக் கொஞ்சம் கனம் குறைந்தது,
அவ்வளவுதான்.

இயந்திரம் நின்றது. கூப்பிட்டேன்.
ஈரத் துணியும் கையுமாக ஓடி வந்த தாண்டேகா
ஜூலுவில் அவள் சாமியை அழைத்து
ஆங்கிலத்தில் என்னைத் திட்டி
அக்குளில் கை கொடுத்தாள்.
நோயாளியைத் தூக்குவது எப்படி என்று
மண்ணில் கிடந்தபடி
நான்தான் அவளுக்கு ஏவல் சொன்னேன்.
இலையையும் அவளே அறுத்தாள்,
நுனி போய், நடுவில் கிழிந்து.
அதில்தான் படைத்தேன்.
பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் பெர்த்திலிருந்து நிரோஷினி:
"பின்பக்கம் முழுக்க சிமென்ட் போட்டுவிடும்மா."
ஒரு கைப்பிடிக் கம்பி போதும் என்றேன்,
வாழை வரைக்கும்.

கத்தரி ஜன்னல் விளிம்பில் இருக்கிறது.
இன்னும் அறுக்கவில்லை.
இடுப்பில் அடிபட்ட இடம்
ஊதா போய் மஞ்சளாகிக்கொண்டு வருகிறது.
குளித்துவிட்டு, கண்ணாடியில்,
திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன்.